விடை வாற கிழமை

1

போன ஞாயிற்றுக்கிழமை என்ர மகள் ஷறோன் தன்ர வீட்டு வாசலில வைச்சு என்னட்டைக் கேட்டாள்: "அம்மா, இண்டைக்கு என்ன நாள்?"

நாள் தெரியாமல் அவள் கேக்கேல்லை. எனக்குத் தெரியுமோ எண்டு பாக்கத்தான் கேட்டவள். அந்தக் கேள்வியை எந்தக் குரலில கேக்கிறது எண்டு எனக்கு நல்லாத் தெரியும். பதினேழு வருஷமா நான் ரொறொன்ரோவில அதே கேள்வியை அதே குரலில மற்ற ஆக்களிட்டைக் கேட்டுச் சீவிச்சவள். வயது போன ஆக்களின்ர வீடுகளுக்குப் போய்க் குளிக்க வார்த்து, உடுப்பு மாத்தி, மருந்துக் குளிசை குடுத்து, தேத்தண்ணி போட்டுக் குடுக்கிறதுதான் என்ர வேலை. "குட் மோர்னிங், இண்டைக்கு என்ன நாள் எண்டு தெரியுமோ?" எண்டு சிரிச்சபடி கேக்கவேணும். மறுமொழி பிழைச்சால் போனில எழுதவேணும்.

இப்ப எனக்கு அறுபத்திரண்டு. போன வருஷம் முழங்கால் போய் வேலையை விட்டிட்டன். என்ர மனுசன் செத்து ஆறு வருஷம். இந்த நாட்டுக்கு வந்து இறங்கின அதே பார்க்டேலில, அதே கட்டடத்தில, ஏழாம் மாடியில தனிய இருக்கிறன். எங்களோட வந்த சனம் எல்லாம் ஸ்காபரோ, மார்க்கம் எண்டு வீடு வாங்கிக்கொண்டு போட்டுது. லிப்ரில தமிழ் கேட்டுக் கனகாலம்.

ஷறோன் அப்பிடிக் கேட்டதுக்கு ஒரு காரணம் இருந்தது. நான் என்ர குளிர்க் கோட்டை உள்பக்கம் வெளியில தெரியிற மாதிரிப் போட்டுக்கொண்டு அவளின்ர வாசலில நிண்டனான். எனக்கு விசர் இல்லை. ஊரில இருந்து இதை வாசிக்கிற நீங்களாவது நம்புங்கோ. ஆனால் ஏன் அப்பிடிப் போட்டனான் எண்டு சொல்லுறதெண்டால் நோறாவைப் பற்றிச் சொல்லவேணும். நோறாவைப் பற்றிச் சொன்னால் நான் அந்த மனுசிக்குச் செய்த வேலையையும் சொல்லவேணும். வாற ஞாயிறுக்கு இன்னும் மூண்டு நாள் கிடக்கு. அதுக்கிடையில எழுதி முடிச்சிட வேணும்.

2

மிஸ் நோறா அயர்லாந்துக்காரி. மேற்குக் கரையில கடலும் கல்லுமாக் கிடக்கிற ஒரு இடத்தில பிறந்து, இருபது வயதில தனிய இஞ்ச வந்தவா. ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில வேலை செய்து, கலியாணம் கட்டாமல், என்ர கட்டடத்தில இருந்து மூண்டு தெரு தள்ளி ஒரு பழைய செங்கல் வீட்டில இருந்தவா. நான் போகத் தொடங்கேக்க அவாவுக்கு எண்பத்தொன்பது. சொந்தமெண்டு சொல்ல ஒட்டாவாவில ஒரு மருமகன் மட்டும். திங்கள், புதன், வெள்ளி காலமை நான் போவன். பின்வளவில ஒரு முள்மரம் நிண்டது. எங்கட இலந்தையைக் கொஞ்சம் வளத்துவிட்ட மாதிரி ஒரு மரம்.

முதல் திங்கள் நான் போகேக்க, கம்பளிச் சட்டையைப் புறம்மாறிப் போட்டுக்கொண்டு இருந்தா. தையல் எல்லாம் வெளியில. நான் கழட்டித் திருப்பிப் போடப் போக, கையில ஒரு அடி போட்டா. "விடு, அது அப்பிடியே இருக்கட்டும்." (அவா இங்கிலிசில சொன்னதை எல்லாம் நான் எங்கட கதையிலதான் எழுதுறன். அவாவின்ர இங்கிலிசும் எனக்கு முழுக்க விளங்கினது எண்டில்லை.)

புதன்கிழமை குசினி யன்னலில ஒரு சின்னத் தட்டில பால் வைச்சிருந்தா. பூனையும் இல்லை, ஒண்டும் இல்லை. நான் அதை எடுத்து ஊத்திப்போட்டுத் தட்டைக் கழுவி வைச்சன். அவா அண்டு முழுக்க என்னோட கதைக்கேல்லை.

வெள்ளிக்கிழமை கால் கழுவின தண்ணியை நான் பின்கதவால ஊத்தப் போக, உள்ளுக்குள்ள இருந்து குரல் வைச்சா: "ஊத்த முதல் சொல்லு! 'தண்ணி வருது, விலத்துங்கோ' எண்டு சொல்லிப்போட்டு ஊத்து!"

வெளியில ஒரு குருவிகூட இல்லை. "ஆருக்குச் சொல்லுறது, மிஸ் நோறா?"

"நல்ல ஆக்களுக்கு," எண்டு முள்மரத்தைக் காட்டினா.

எங்களுக்குப் படிப்பிச்சது ஒண்டுதான்: கண்டதை எழுது, நினைச்சதை எழுதாதை. நான் கண்டதைத்தான் எழுதினன். வாசலில சப்பாத்தைப் போட்டபடி, போனில எனக்கு வேலை தாற ஏஜென்சியின்ர பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு நாளும் எழுதினன். சட்டை புறம்மாறி இருக்கு. திருத்த விடேல்லை, அடிச்சவா. யன்னலில பால் வைக்கிறா. மரத்தில ஆக்கள் இருக்கினம் எண்டுறா. ஆருமில்லாத வளவைப் பாத்துக் கதைக்கச் சொல்லுறா. நல்ல வடிவா, ஒரு எழுத்துப் பிழையில்லாமல் எழுதினன். இந்த நாட்டில என்ர இங்கிலிசை ஆரும் குறை சொல்லப்படாது எண்டு எனக்கு ஒரு வீம்பு.

நோறா கதிரையில இருந்தபடி எட்டிப் பாத்துக் கேப்பா: "என்ன எழுதுறாய், றீற்றா?"

"ஒண்டுமில்லை," எண்டுவன். "நீங்கள் வடிவாச் சாப்பிட்டியள் எண்டுதான்."

3

ரெண்டாம் கிழமை நான் குசினி கூட்டிக்கொண்டு நிக்க, நோறா சும்மா இருக்கேலாமல் கேட்டா: "வீடெல்லாம் சுத்தி வரும், கடைசியில மூலையில போய்ப் படுக்கும். என்ன அது?"

நான் யோசிக்கக்கூட இல்லை. கையில கிடந்ததைத் தூக்கிக் காட்டினன். "விளக்குமாறு."

மனுசி வாயைப் பிளந்துகொண்டு பாத்தா. "ஆர் உனக்குச் சொன்னது?"

"எங்கட ஊரில உது சின்னப்பிள்ளையளுக்கே தெரியும். நாங்கள் நொடி எண்டுறது. ஒராள் நொடி போட்டால் மற்றாள் அவிழ்க்கவேணும்."

"அப்ப ஆர் ஆரிட்டைக் களவெடுத்தது? நீங்கள் எங்களிட்டையோ, நாங்கள் உங்களிட்டையோ?" எண்டு சிரிச்சா. அவா சிரிச்சதை நான் அண்டைக்குத்தான் முதல் பாத்தது. பிறகு விரலை ஆட்டிக்கொண்டு சொன்னா: "இனி உனக்கு லேசானது கிடையாது."

அடுத்தது இது: வீட்டைச் சுத்தி வரும், கதவைத் தட்டாது. போகேக்க யன்னலில ஒரு வெள்ளைக் கையுறையை விட்டிட்டுப் போகும்.

நான் தலையைச் சொறிஞ்சன். "சொல்லுங்கோ."

"மாட்டன். விடை நீ அடுத்தமுறை வரேக்க."

அதுதான் அவாவின்ர சட்டம். அவாவின்ர தகப்பன் வீட்டிலயும் அப்பிடித்தானாம். குளிர்காலத்தில பக்கத்து வீட்டு ஆக்கள் வந்து நெருப்புக்குப் பக்கத்தில இருப்பினம், தகப்பன் எழும்பிப் போறவைக்கு ஒரு நொடி குடுத்து விடுவாராம். விடை வேணுமெண்டால் திரும்பி வரத்தானே வேணும். "அண்டைக்கே சொன்னால் நீ ஏன் வரப்போறாய்?" எண்டா. சம்பளத்துக்கு வாறன், வராமல் எங்க போறன் எண்டு எனக்கு வாயில வந்ததை விழுங்கிப்போட்டு மிச்சத்தைக் கூட்டினன்.

ரெண்டு நாள் மண்டையைப் போட்டு உடைச்சன். பஸ்ஸிலயும் அதே யோசனை, லிப்ரிலயும் அதே யோசனை. வெள்ளிக்கிழமை போனால், இரவிரவாப் பனி கொட்டிக் குசினி யன்னல் விளிம்பில வெள்ளையாக் குந்திக்கொண்டிருந்தது. அவா அதைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டினா. மன்னாரில பிறந்தவளுக்குப் பனி எப்பிடி அம்பிடும்?

நானும் விடேல்லை. "ஆரும் அடிக்கேல்லை, ஆரும் ஏசேல்லை, சட்டையைக் கழட்டினவள் அழுகிறாள்," எண்டு வெங்காயத்தைப் போட்டன். விடை திங்கள் எண்டிட்டுப் போட்டன். ஞாயிற்றுக்கிழமை என்ர இடத்துக்கு வேலைக்கு வந்த மற்றப் பிள்ளையிட்டையும் நோறா இதைக் கேட்டு, அவள் பயந்துபோய் ஏஜென்சிக்குப் போன் பண்ணி, பெரிய கூத்து.

இப்பிடித்தான் அந்த மரத்துக் கதையும் எனக்குத் தெரிய வந்தது. அவாவின்ர ஊர்ச் சனத்துக்கு ஒரு கூட்டம் இருக்கு. மண்ணுக்குக் கீழ, புல்மேட்டுக்குள்ள, தனிய நிக்கிற முள்மரத்தடியில இருக்கிறவை. மனிசர் மாதிரித்தான், ஆனால் மனிசரில்லை. அவையின்ர பேரைச் சொல்லப்படாது, "நல்ல ஆக்கள்" எண்டுதான் சொல்லவேணும். அவை நல்லவை எண்டதால இல்லை, பொல்லாதவை எண்டதால. எனக்கு அது உடன விளங்கிப்போச்சு. கடிச்சால் ஆளை முடிக்கிற பாம்பை நாங்கள் நல்ல பாம்பு எண்டுறேல்லையோ? உடம்பெல்லாம் கொப்புளம் போட்டால் அம்மாள் வந்திருக்கிறா எண்டுறேல்லையோ?

"பூசைக்குப் போறனீங்கள், செபமாலை சொல்லுறனீங்கள், உதை நம்புறியளோ?" எண்டு கேட்டன்.

"நம்புறது வேற. அயல் எண்டு இருந்தால் கொழுவாமல் இருக்கிறதுதானே நல்லது," எண்டா.

பிறகு சட்டையின்ர கதை. அங்க புல்லுக்குள்ள ஒரு துண்டுப் புல் இருக்குமாம். பாத்தால் மற்றப் புல் மாதிரித்தான். அதில கால் வைச்சிட்டால் சரி, சொந்தக் காணிக்குள்ளயே வழி தெரியாமல் போயிடும். வேலியைத் தடவித் தடவிச் சுத்தினாலும் படலை அம்பிடாது. அதுக்கு மருந்து ஒண்டுதான். போட்டிருக்கிற கோட்டைக் கழட்டி, உள்பக்கத்தை வெளியில திருப்பிப் போடவேணும். அப்ப அவைக்கு நீ ஆரெண்டு தெரியாது, விட்டிடுவினம். பாத்தால் படலை முன்னால நிக்கும்.

"சில காலமை கண் முழிச்சால் இது எந்த வீடெண்டு தெரியேல்லை, றீற்றா," எண்டா நோறா. குரல் இறங்கிப் போச்சு. "அப்பன்ர வீடோ, இந்த வீடோ? கத்திக் கூப்பிட ஆரும் இல்லை. கட்டிலில இருந்தபடியே சட்டையைத் திருப்பிப் போடுவன். கொஞ்சத்தால கதவு எங்க இருக்கெண்டு தெரியும்."

அதை நான் எழுதேல்லை. அதுக்குப் பிறகு அவாவைப் பற்றி ஒண்டுமே எழுதேல்லை. சாப்பிட்டவா, நித்திரை கொண்டவா, சந்தோசமா இருக்கிறா, அவ்வளவுதான். முதல் கிழமை எழுதினதை நான் மறந்தே போனன்.

4

நான் மறந்திருக்கப்படாது. எழுதினது என்ன செய்யும் எண்டு என்னைவிட ஆருக்குத் தெரியும்?

அகதி விசாரணைக்கு என்னைக் கூப்பிட்ட நாள் இப்பவும் ஞாபகம். சின்ன அறை, ஒரு தண்ணிப் போத்தில், மொழிபெயர்க்க ஒராள். எந்தத் திகதி வீட்டை விட்டு வெளிக்கிட்டனீங்கள் எண்டு கேட்டினம். "பெரிய வெள்ளிக்கு அடுத்த நாள் காலமை," எண்டன். எனக்கு அது அப்பிடித்தான் ஞாபகம். சிலுவைப்பாதைக்குக் கட்டின வெள்ளைச் சேலையைக்கூட மடிச்சு வைக்கேல்லை. ஆனால் முதல் நிரப்பின படிவத்தில ஆரோ ஒரு திகதி போட்டிருந்தினம், அது ஒரு கிழமை பிந்தி. எது சரி எண்டு மூண்டுதரம் கேட்டார் அந்த மனுசன். நான் மூண்டுதரமும் பெரிய வெள்ளி எண்டன். கடுதாசியை நம்புறதோ என்னை நம்புறதோ எண்டு யோசிச்சு, ஒரு வருஷம் கிட்ட எங்களை இழுத்து வைச்சினம். அந்த ஒரு வருஷமும் கதவு தட்டுப்பட்டால் நான் லைற்றை நூத்துப்போட்டு இருப்பன்.

இதை நோறாவுக்குச் சொன்னன். அவா கேட்டது வேற: "வந்து இறங்கினவுடன என்ன சாப்பிட்டனி?"

எயார்போட்டில ஒரு பொலிஸ்காரப் பெட்டை சீனி தூவின டோனட் ஒண்டைக் கடுதாசியில சுத்தித் தந்தவள். முழுக்கத் திண்டன், விரலையும் நக்கினன்.

நோறா தலையை ஆட்டினா. "நானும் திண்டனான். கப்பலால இறங்கி ஒரு துண்டு கேக்." நல்ல ஆக்களின்ர இடத்துக்குப் போனால் அவையின்ர சாப்பாட்டைத் தொடப்படாதாம். திண்டால் திரும்பி வரேலாது. அங்க மூண்டு நாள் இருந்திட்டு வந்தால் இஞ்ச நூறு வருஷம் போயிருக்குமாம். நான் சிரிக்கப் பாத்தன், சிரிப்பு வரேல்லை. என்ர மனுசனும் நானும் ஒருக்கா ஊருக்குப் போனனாங்கள். கோயில் வாசலில நிண்டவை எல்லாரும் எங்களைப் பாத்து "ஆர் ஆக்கள்?" எண்டு தங்களுக்குள்ள கேட்டவை.

நல்ல ஆக்கள் மனிசப் பிள்ளையளைக் கொண்டுபோய்ப் போட்டு அதே முகத்தோட வேற ஒண்டை வைக்கிற கதையும் சொன்னா. நான் உடன ஷறோனை நினைச்சன். நாலு வயதில டே கெயாரில விடேக்க, "அம்மா போகாதேங்கோ" எண்டு என்ர சீலைத் தலைப்பை இழுத்துக் குழறினவள். ரெண்டு மாதத்தில, கூட்டிவரப் போன என்னைப் பாத்து, "மொம், நொட் யெட்," எண்டாள். அதே தலைமயிர், அதே பொட்டு, கன்னத்தில அதே மச்சம். பஸ்ஸில என்ர மடியில இருந்தவளைத் திருப்பித் திருப்பிப் பாத்தன். குற்றம் சொல்லேல்லை. நல்ல பிள்ளை, படிச்சாள், பாங்கில வேலை, ஸ்ரௌவ்வில்லில புது வீடு. கிழமைக்கு ஒருக்கா ரெலிபோன் எடுப்பாள். "சாப்பிட்டியளா? குளிசை போட்டியளா? ஓகே அம்மா, ஐ ஹாவ் ரு கோ." வேலைக்குப் போற வீடுகளில நானும் இதைத்தான் கேட்டனான். அதால அவளை எப்பிடிக் குறை சொல்லுறது?

5

தை மாதம் ஒரு நாள் அதிகாரி ஒருத்தி வந்தா, மடிக்கணினியோட. நோறாவைத் தனிய வீட்டில விடலாமோ, பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பவேணுமோ எண்டு பாக்கிற பரிசோதனை. மருமகன் கேட்டவராம். நோறாவுக்கு அது என்னெண்டு தெரியும். காலமையே என்னட்டைச் சொல்லிப்போட்டா: "நான் இந்த வீட்டிலதான் சாகவேணும், றீற்றா. இன்னொருக்கா ஒரு புது இடத்தில கண் முழிக்க என்னால ஏலாது."

நல்ல நீலச் சட்டை போட்டுவிட்டன், நல்ல பக்கம் வெளியில. தலை இழுத்து, பவுடர் பூசி, பால் தட்டையும் எடுத்து ஒளிச்சு வைச்சன். அந்த அளவுக்கு எனக்கும் பயம் இருந்தது.

வந்தவா கெட்டவா இல்லை. மெல்லமாத்தான் கேட்டா. இண்டைக்கு என்ன நாள்? நோறா சரியாச் சொன்னா. மூண்டு சொல்லு சொல்லி ஞாபகம் வைச்சிருக்கச் சொன்னா, நோறா ரெண்டைச் சொன்னா. பிறகு, "இப்ப என்ன காலம், நோறா?" எண்டு கேட்டா. சின்னப்பிள்ளையளோட கதைக்கிற மாதிரி ஒரு இழுவை. நோறாவுக்குக் கோவம் வந்திட்டுது, முகத்தில தெரிஞ்சது.

"யன்னலில வெள்ளைக் கையுறை வைக்கிற காலம்," எண்டா.

அதிகாரி தட்டெழுதினா.

எனக்குப் பொறுக்கேல்லை. "மிஸ், அவா சரியாத்தான் சொல்லுறா. அது பனி. பனிக்காலம் எண்டுதான் சொல்லுறா, அது ஒரு விடுகதை."

"அவாவே சொல்லட்டும், பிளீஸ்," எண்டா அதிகாரி, என்னைத் திரும்பிப் பாக்காமலே. பிறகு மடிக்கணினியில கீழ உருட்டிக்கொண்டு போய், அமைதியா வாசிக்கத் தொடங்கினா. சட்டை புறம்மாறி இருக்கு. திருத்த விடேல்லை, அடிச்சவா. யன்னலில பால் வைக்கிறா. மரத்தில ஆக்கள் இருக்கினம் எண்டுறா.

என்ர வசனம் ஒவ்வொண்டும். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

"அது பிழை," எண்டு கத்தினன். "எனக்கு அப்ப விளங்கேல்லை. அது அவையின்ர ஊர்ப் பழக்கம். எங்களிட்டையும் இருக்கு. அதை அழியுங்கோ, நான் வேற எழுதித் தாறன்."

அதிகாரி என்னை இரக்கமாப் பாத்தா. "நீங்கள் இப்ப அவாவோட நல்ல பழக்கமாப் போனியள். அது இயல்பு. ஆனால் இதைப் பழக முதல் எழுதியிருக்கிறியள். எங்களுக்கு இதுதான் கூட நம்பிக்கையானது."

நான் நோறாவைப் பாக்கப் பயந்தன். பாக்காமல் இருக்கவும் ஏலாதே. அவா கையை மடியில வைச்சுக்கொண்டு என்னையே பாத்துக்கொண்டிருந்தா. ஏசியிருந்தால் தாங்கியிருப்பன்.

"நல்ல வடிவாத்தான் எழுதியிருக்கிறாய், றீற்றா," எண்டா.

6

மாசி முடிய முதல் அவாவைக் கொண்டுபோட்டினம். றிச்மண்ட் ஹில்லுக்கும் அங்கால ஒரு இல்லம். நல்ல துப்பரவான இடம், பொய் சொல்லக்கூடாது. வீட்டை மருமகன் வித்தார். வாங்கினவை முதல் வேலையா முள்மரத்தைத் தறிச்சுப்போட்டினம். நான் தெருவால போகேக்க அடிக்கட்டையைப் பாத்து, அதில இருந்தவை இப்ப எங்க போயிருப்பினம் எண்டு யோசிச்சன். ஸ்காபரோவுக்குத்தான் போயிருப்பினம், எல்லாரும் அங்கதானே போறவை. அப்பிடி நினைச்சுத் தெருவில நிண்டு சிரிச்சுப்போட்டு, வீட்டை வந்து அழுதன்.

ஞாயிறு பூசை முடிய அவாவைப் பாக்கப் போவன். ஸ்ரீட்கார், சப்வே, பிறகு ரெண்டு பஸ். போக ரெண்டு மணித்தியாலம், வர ரெண்டு மணித்தியாலம். முதல் முறை போகேக்க என்னை "நேர்ஸ்" எண்டு கூப்பிட்டா. ரெண்டாம் முறை றீற்றா எண்டா. சட்டை எப்பவும் நேர்ப்பக்கமாத்தான் இருந்தது. அங்க வேலை செய்யிற பிள்ளையள் திருத்தி விட்டிடுவினமாம். அவா எத்தினை காலமை அந்தக் கட்டிலில படலை தெரியாமல் கிடந்தாவோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்.

மன்னிப்புக் கேக்கவேணும் எண்டு ஒவ்வொரு முறையும் பஸ்ஸில வசனம் சேர்ப்பன். அங்க போனால் வாய் வராது.

மூண்டாம் முறை, நான் எழும்பேக்க என்ர கையைப் பிடிச்சா. "ஒண்டு சொல்லுறன். எல்லா வீட்டு வாசலுக்கும் போகும், ஒரு வீட்டுக்குள்ளயும் வராது. என்ன அது?"

எனக்குச் சந்தோசம் தாங்கேல்லை. என்னை மன்னிச்சிட்டா எண்டு நினைச்சன். "விடை வாற கிழமை, என்ன?" எண்டு நானே சிரிச்சுக்கொண்டு சொன்னன்.

"பாதை," எண்டா நோறா.

நான் திரும்பக் கதிரையில குந்தினன்.

"விடை பாதை. உனக்குத் தூரம். முழங்காலும் ஏலாது. இதுக்கெண்டு நீ திரும்பி அலையாதை."

அதுக்குப் பிறகு நான் போகேல்லை. முழங்கால் நோ, பனி வழுக்கும், பஸ் பிந்தும் எண்டு நிறையச் சொல்லலாம், எல்லாம் சாட்டுத்தான். வா எண்டு கூப்பிடாத இடத்துக்குப் போற துணிவு எனக்கு இல்லை, அவ்வளவுதான். வைகாசியில ரெலிபோன் எடுத்துக் கேக்க, அந்த அறையில இப்ப வேற ஆள் எண்டினம். மேல ஒண்டும் சொல்லேலாதாம். நான் உறவுக்காரி இல்லைத்தானே.

7

இனிப் போன ஞாயிறு.

ஷறோன் ஸ்ரேசனில வந்து ஏத்துறன் எண்டவள். நான் ஒரு பஸ் முந்தி வந்திட்டன். சும்மா நிண்டு குளிரில விறைக்கிறதைவிட நடப்பம், அவளுக்கும் அலைச்சல் இல்லை எண்டு நடந்தன். அதுதான் நான் விட்ட பிழை. ஸ்ரௌவ்வில்லில அந்தப் பக்கம் எல்லாம் புது வீடுகள். ஒரே செங்கல், ஒரே கராஜ் கதவு, ஒரே மாதிரி வளைஞ்சு போற தெரு. கதவிலக்கமும் தெருப்பேரும் போனில கிடந்தது, போன் செத்துப்போச்சு. ஒரு சுத்துச் சுத்தினன். ரெண்டாம் சுத்திலயும் அதே வெள்ளைக் கார். கேக்கிறதுக்குத் தெருவில ஒரு சனம் இல்லை. எல்லாரும் கராஜுக்குள்ளால போய்க் கராஜுக்குள்ளால வாற ஆக்கள். மூண்டாம் சுத்தில எனக்கு உண்மையாவே பயம் பிடிச்சிட்டுது. என்ர பிள்ளையின்ர வீட்டை எனக்குத் தெரியேல்லை. கண்ணால தண்ணி ஓடுது.

அப்பத்தான் சுத்துமுத்தும் பாத்துப்போட்டு, அந்தக் குளிருக்குள்ள கோட்டைக் கழட்டி, உள்பக்கத்தை வெளியில எடுத்துப் போட்டன். ஊதா நிறத்தில பூப்போட்ட உள்துணி. பாக்கிறவை என்ன நினைப்பினம் எண்டு ஒருக்காலும் யோசிக்கேல்லை. மூச்சு எடுத்து விட்டிட்டு நிமிந்து பாத்தால், முன்னால நிண்ட வீட்டுக் கதவில, நான் போன குருத்தோலை ஞாயிறு முடைஞ்சு குடுத்த குருத்தோலைச் சிலுவை செருகிக் கிடக்குது. காஞ்சு சுருண்டு போச்சு, ஆனால் எறியாமல் வைச்சிருக்கிறாள். மூண்டு சுத்திலயும் அந்த வாசலாலதான் போயிருக்கிறன், காணேல்லை.

எனக்கு வந்த சந்தோசத்தில கோட்டைத் திருப்பிப் போட மறந்திட்டன். மணியை அடிச்சன்.

ஷறோன் கதவைத் திறந்து, மேலயும் கீழயும் பாத்தாள். "அம்மா! எங்க போனீங்கள்? ஐ வோஸ் அற் த ஸ்ரேசன்! ஏன் கோட் இன்சைட் அவுட்?"

"வழி தப்பிப் போச்சு பிள்ளை. அதுதான் திருப்பிப் போட்டனான்."

அவளின்ர முகம் மாறினதை நான் பாத்தன். முதல் பயம், பிறகு ஒரு பொறுமை, பிறகு அந்தக் குரல். "அம்மா, இண்டைக்கு என்ன நாள்?"

ஞாயிறு எண்டால் முடிஞ்சு போயிருக்கும். பூசைக் கடுதாசிகூட என்ர பைக்குள்ள கிடக்கு. ஆனால் நோறாவுக்கு ஏன் கோவம் வந்தது எண்டு எனக்கு அந்த வாசலிலதான் முழுக்க விளங்கினது. கோவத்துக்குக் கீழ இன்னொண்டும் கிடந்தது. இவள் என்னைப் பாக்க என்ர வீட்டுக்கு வந்து ஏழு மாதம். வா எண்டு கேட்டால் வேலை எண்டுவாள். எனக்கு அவளைக் கூப்பிட வேற வழி தெரியேல்லை.

"ஷறோன், ஒரு நொடி போடுறன், அவிழ். எல்லா வீட்டு வாசலுக்கும் போகும், ஒரு வீட்டுக்குள்ளயும் வராது. என்ன அது?"

"அம்மா, பிளீஸ்…"

"இப்ப சொல்லவேண்டாம். விடை வாற ஞாயிறு, என்ர வீட்டில. நீ வந்தால்தான் சொல்லுவன்."

அவள் கன்னத்தில மச்சம் கிடந்த பக்கத்தைக் காட்டிக்கொண்டு கொஞ்சம் திரும்பி நிண்டாள். போனை எடுத்தாள். ரெண்டு பெருவிரலாலயும் கெதியா எழுதினாள். நிப்பாட்டி என்ர கோட்டை ஒருக்காப் பாத்தாள், திரும்ப எழுதினாள்.

"என்ன எழுதுறாய், பிள்ளை?"

"ஒண்டுமில்லை அம்மா," எண்டாள் ஷறோன். "உள்ள வாங்கோ, சாப்பிடுவம்."